அருணகிரி ஓட்டிய டேங்கி

மன்னிக்க வேண்டும் சார், அந்த டப்பாவின் மேல் பையை வைக்காதீர்கள். உள்ளே டேங்கி இருக்கிறது. தண்ணீர் டேங்கி இல்லை, சண்டை டேங்கி. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. வேலூரில் ஏறினதிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். என் முட்டி ஆடுவதைப் பார்த்துவிட்டு பஸ் குலுங்குகிறது என்று நினைத்திருப்பீர்கள். பள்ளிகொண்டாவில் பஸ் நின்றதே, அப்போதும் ஆடியது. பயம் சார். எழுபத்து நாலு வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் எழுபத்து மூன்றிலேயே போய்ச் சேர்ந்திருப்பேன்.

நீங்கள் குடியாத்தம் வரைக்குமா? நான் அதற்கு முன்னாலேயே, கல்லேரிமேடு. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், அதுதான் என் வியாதியே.

என் பெயர் தணிகாசலம். பட்டாபிராமத்தில் குடியிருக்கிறேன். டேங்கி செய்கிற ஆவடிக்குப் பக்கம். அங்கே பிறக்கிற குழந்தைக்கும் டேங்கி தெரியும், ஏதாவது ஒரு முனையில் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள், காக்கா உட்கார்ந்திருக்கும். எனக்கும் டேங்கிக்கும் உள்ள சம்பந்தம் அந்தக் காக்காவுக்கு உள்ள சம்பந்தம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தது பஸ் டிப்போவில், பெயிண்ட் அடிக்கிற பிரிவில். நான் அடித்த பஸ்ஸின் பக்கவாட்டில் முகம் பார்த்து மூன்று பேர் ஷேவ் செய்துகொண்டார்கள். சரி, ஒருவர். அவரும் தலை சீவிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பல் செட் கட்டப் போனேன். டாக்டர் பெனடிக்ட், நல்ல மனுஷன். அவர் கிளினிக்கில் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் பதினெட்டு டேங்கி. பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வரும், இவரே ஒட்டி, பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். எல்லாம் கல்யாண வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடின வண்டி அப்படி இருக்காது சார். சேறு எங்கே தெறிக்கும், துரு எந்த மூலையில் பிடிக்கும், டீசல் எந்த மூடிக்குக் கீழே வழியும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். "டாக்டர், இதெல்லாம் வீட்டை விட்டே கிளம்பாத வண்டிங்க" என்றேன். அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

பஸ் பெயிண்டர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டு ஊசியைப் போட்டிருப்பார். நான், "எழுபத்தொண்ணு சண்டையில டேங்கி உள்ள உக்காந்து குண்டு போட்டவன்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைத் தங்கள் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மத்தியானம் மூன்று மணிக்குக் கூடுவார்கள். டாக்டர், பேங்கில் வேலை பார்க்கிற ஹேமலதா அம்மா, ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற யூசுப். மூன்று பேர்தான். என்னோடு நாலு. சிப்பாய் என்றுதான் நான் சொன்னேன். அவர்களே மேஜர் ஆக்கிவிட்டார்கள். மேஜர் சார், மேஜர் சார் என்று ஹேமலதா அம்மா ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தருவார். யூசுப் மட்டும் பெரியவரே என்பான். முப்பத்தொன்பது வருஷம் "டேய் பெயிண்டு" என்று கூப்பிடக் கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காரணம் இல்லாமல் ஒரு கீறல் போடக் கூடாது. டேங்கியை ஒட்டி, பச்சை அடித்து முடித்த பிறகுதான் அதைப் பழசாக்குகிற வேலை. ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றினால் பெயிண்ட் பெயர்ந்த மாதிரி ஆகும். பழுப்பு பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து இடுக்கில் விட்டால் அழுக்கு. செங்கல் பொடி தூவினால் புழுதி. எல்லாம் முடிந்ததும் செய்தவர் எழுந்து நின்று ஒவ்வொரு காயத்துக்கும் வாக்குமூலம் தர வேண்டும். இந்த நசுங்கல் எப்படி வந்தது, இந்தத் துரு ஏன் இங்கே. மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். பதில் சொல்ல முடியாத கீறலை அழித்துத் திரும்பப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

இந்த மாதிரி ஒரு வழக்கத்தை என்னை மாதிரி ஒரு ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? நான் வருவதற்கு முன்னால் வாக்குமூலம் பத்து நிமிஷத்தில் முடியுமாம். என்னுடையது இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடியது.

ஒரு சமாசாரம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மலைக்குப் போகிற பஸ் டிப்போவுக்குத் திரும்பும்போது ஜன்னலுக்குக் கீழே கோடு கோடாக இருக்கும். வாந்தி. அதன் புளிப்பு பெயிண்டைத் தின்றுவிடும், கழுவினாலும் வெளிர் மஞ்சளாக ஒரு தாரை நிற்கும். அதை என் முதல் டேங்கியில் மேல் மூடிக்குக் கீழே இழுத்துவிட்டேன், கை பழக்கம். இது என்ன மேஜர் சார் என்றார்கள். பீரங்கிக் குழல் சூடேறினால் மேலே இருந்து ஆறின டீயை ஊற்றுவோம் என்றேன். அடுத்த மாசம் மூன்று பேர் டேங்கியிலும் அந்தக் கோடு. ஹேமலதா அம்மாவின் ஜெர்மன்காரன் டேங்கியில்கூட.

அது வரைக்கும் விளையாட்டு சார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

போன ஆனி மாசம் இந்த டப்பாவில் இருக்கிறதை முடித்தேன். இடது பக்க முன் மட்கார்டு நசுங்கியிருக்கும். காரணம் கேட்டார்கள். பனிமூட்டத்தில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது, எங்கள் டிரைவர் சட்டென்று இடது பக்கம் ஒடித்தான், கல்தூணில் இடித்தது, கன்று பிழைத்தது, அரை மணி கழித்து டிரைவர் பிழைக்கவில்லை என்றேன். ஹேமலதா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பேர் என்ன மேஜர் சார் என்றார்.

பேர். அதை நான் யோசித்து வைக்கவில்லை.

முப்பது வருஷம் முன்னால் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இதே ரோட்டில் வந்தேன். டயர் பஞ்சர். கல்லேரிமேட்டில் இறங்கி நின்றோம். பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே ஒரு கல், பட்டாளத்தில் செத்துப்போன அந்த ஊர்க்காரர்கள் பேர் எழுதியிருந்தது. எவனோ தொழில் தெரியாதவன் எழுதியிருக்கிறான், ஒரு பேரில் மட்டும் பெயிண்ட் வழிந்து இறங்கியிருந்தது. பெயிண்ட்காரன் கண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? அந்தப் பேர்தான் நாக்கில் வந்தது. "அருணகிரி. குடியாத்தம் பக்கம், கல்லேரிமேடு" என்றேன். ஊரோடு சொன்னேன் சார். பொய்க்கு முகவரி கொடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

பேர் கிடைத்ததும் மற்றது தானாக வந்தது. அருணகிரிக்கு இடது கைப்பழக்கம், அதனால்தான் இடது பக்கம் ஒடித்தான். வெடிச்சத்தம் என்றால் பயம், காதில் பஞ்சு வைத்துக்கொள்வான். அன்றைக்குக் காலையில் புளிச்சோறு சாப்பிட்டான். டாக்டர் இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து, எங்கேயோ போட்டுவிட்டார்.

ஆவணி மாசம் ஒரு போன். தாமோதரன் என்று ஒருத்தர், பேச்சில் அவ்வளவு மரியாதை. "ஐயா, நான் அருணகிரியோட தங்கச்சி பையன். அம்மா பேசணும்னு சொல்றாங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. ரொம்ப நேரம். அப்புறம், "அண்ணா, நான் பூங்காவனம்" என்றாள்.

அண்ணா என்றாள் சார்.

அவன் செத்தபோது அவளுக்குப் பதினாலு வயதாம். ஒரு தந்தி வந்ததாம், அப்புறம் ஒரு கடுதாசி, அவ்வளவுதான். உடம்பு வரவில்லை. எப்படிச் செத்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. "சமையல் வேலைல இருக்கறேன், பயப்படாதீங்கன்னுதாண்ணா எழுதுவான். டேங்கி ஓட்டறதை எங்ககிட்ட மறைச்சிருக்கறான் பாருங்க" என்று அழுதாள். அவ்வளவு பெருமையான அழுகையை நான் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு நேரில் வருகிறேன் என்றாள்.

அந்த வாரம் நான் சாப்பிடவில்லை. போலீஸ் வரும், பட்டாளத்துப் போலீஸ் தனியாக இருக்கிறதாமே, அது வரும், வயதானவனை எந்த ஜெயிலில் வைப்பார்கள், அங்கே இந்திய கக்கூஸா வெள்ளைக்கார கக்கூஸா என்றெல்லாம் யோசித்தேன். வீட்டுக்காரி வயிறு சரியில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் உண்மையில் நான் பயந்தது போலீசுக்கு இல்லை. அந்த மூச்சுக்கு.

அதனால் ஒரு முடிவு செய்தேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது.

வந்தாள். ஒல்லி. முட்டி வலி, சர்க்கரை, மாடிப்படி ஏற மகன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அங்கன்வாடியில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவளாம். டேங்கியை மேஜை மேல் வைத்திருந்தோம். தொடவில்லை. தலை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். டிரைவர் உட்காருகிற இடத்து மூடி திறந்திருக்கும், அந்தப் பொந்துக்குள் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றேன். வாக்குமூலம் கொடுக்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டேன். "நான் பட்டாளத்துக்கே போகலை. பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிச்சவன். இந்தக் கோடு டீ இல்லை, பஸ்ல எடுக்கற வாந்தி. இந்தத் துரு பஸ் படிக்கட்டுத் துரு. அருணகிரியை நான் பார்த்ததே இல்லைம்மா" என்றேன்.

யூசுப் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியவரே, பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிச்ச கை இப்படியா நடுங்கும்?" என்றான். டாக்டர் ஹேமலதா அம்மாவிடம் மெதுவாக, இப்படித்தான் ஆகும், நேரில் பார்த்தவர்களால் தாங்க முடியாது, எனக்கு இது நடக்கவே இல்லை என்று மனசு ஒரு கதை கட்டிக்கொள்ளும், நான் படித்திருக்கிறேன் என்றார். ஹேமலதா அம்மா அழுதுகொண்டே காபி ஊற்றினார். அந்த வாந்திக் கோட்டை டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார் சார், பாவம் மேஜர் என்று.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன். அதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

பூங்காவனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். "நீங்க பெயிண்டராவே இருங்கண்ணா. பரவாயில்லை. ஆனா அவனுக்கு இடது கைன்னு சொன்னீங்களே, அது எப்படித் தெரியும்?" என்றாள்.

சும்மா வாயில் வந்தது என்றேன்.

"இடது கைதான். எங்கப்பா அதுக்கு அடிப்பாரு."

மகன் குறுக்கே வந்தார். "அம்மா, மாமா வலது கையில மண்வெட்டி பிடிச்சிருக்கற போட்டோ வீட்ல இருக்குதே."

"ஸ்டூடியோக்காரன் திருப்பிக் கழுவிட்டான். நீ சும்மா இரு."

அடுத்து வெடிச்சத்தம். ஆமாம், தீபாவளிக்கு வீட்டை விட்டு வெளியே வர மாட்டான் என்றாள். அடுத்து புளிச்சோறு. அதைச் சொன்னதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவனுக்கு அதுதான் உயிர் என்றாள்.

எனக்கு அப்போது பிடித்ததுதான் இந்தப் பயம். யோசித்துப் பாருங்கள். நான் சும்மா இட்டுக்கட்டினது ஒவ்வொன்றும் நிஜமாக இருக்கிறது. ஒன்று இரண்டு என்றால் குருட்டாம்போக்கு. எல்லாமே என்றால்? அந்தப் பையன் என் நாக்கில் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறான் சார். ஐம்பது வருஷமாகச் சொல்ல ஆள் கிடைக்காமல், பொய் சொல்கிற வாய் எங்கே திறந்திருக்கிறது என்று தேடி வந்திருக்கிறான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தம்மா எதற்காக இல்லாததை ஆமாம் என்று சொல்லப் போகிறாள்? அவளுக்கு என்ன லாபம்?

சரி, அதை விடுங்கள். அவள் கடைசியாகக் கேட்டதுதான் முக்கியம். எழுந்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, "அவனை எங்கண்ணா வெச்சீங்க?" என்றாள்.

எங்கே வைத்தோமா என்று திருப்பிக் கேட்டேன்.

"எரிச்சீங்களோ, பொதைச்சீங்களோ. அந்த இடத்துப் பேரு மட்டும் சொல்லுங்க. நான் போயி ஒரு பிடி மண்ணு எடுத்தாந்து நம்ம ஏரியில கரைக்கணும். அம்மா அதைக் கேட்டுக்கிட்டே செத்துப்போச்சு."

ஐந்து பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உங்க ஊருக்கு வந்து, அவன் கல்லு முன்னாடி நின்னு சொல்றேன்" என்றேன். தப்பித்துக்கொள்ளச் சொன்னது. அவர்கள் அதை ஏதோ பெரிய விரதம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குத்தான் அந்த நாள். ஊரே கூடுகிறதாம். கல்லுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம், நான் பக்கத்தில் இருந்திருந்தால் நானே அடித்துக் கொடுத்திருப்பேன். இந்த டேங்கியைக் கல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். டாக்டரும் மற்றவர்களும் காரில் முன்னாலேயே போய்விட்டார்கள். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தேன். நடுவில் இறங்கி ஓடிவிடலாம் என்றுதான். மூன்று இடத்தில் எழுந்து பார்த்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை.

தாமோதரன் நேற்று போன் செய்தார். தை மாசத்துக்கு ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் போதுமாம். அந்தம்மா கம்பளி வாங்கிவிட்டாளாம். சார், எழுபது வயதை நெருங்குகிற சர்க்கரைக்காரி, அந்தக் குளிரில், எல்லையில், கண்ணிவெடிக்காகக் கம்பி வேலி போட்ட வயல்களுக்கு நடுவில், நான் சொல்லப்போகிற ஒரு ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக விசாரித்து நடக்கப் போகிறாள். அப்படி ஒரு ஊர் இல்லை என்றால் திரும்ப மாட்டாள், அடுத்த ஊருக்குப் போவாள். இருந்துவிட்டால் அதைவிட மோசம்.

இந்தப் பேரைச் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் நான் செய்ய வேண்டியது. வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், காலையில் பல் செட்டை மாட்டும்போது ஒரு பேர் வந்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. ஒரு ஊர்ப் பேர், ஒரு கால்வாய், கரையில் ஒரு ஒற்றை மரம். அவ்வளவு அழகான இடம். சொல்லட்டுமா? வேண்டாம். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

யார் ஏறுகிறார்கள்? செக்கிங்கா? ஒரு நிமிஷம் சார். இதோ இருக்கிறது. பாருங்கள் ஐயா. ஆமாம், பெயிண்டிங் பிரிவு, முதல் நிலை. ரிட்டையர் ஆகிப் பதினாறு வருஷம். நல்லது, வாங்க.

என்ன சார்? பாஸ்தான். ரிட்டையர் ஆனவர்களுக்குக் கொடுப்பார்கள், டிக்கெட் வேண்டாம். போட்டோ, பேர், எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன், எல்லாம் அச்சில் இருக்கும். அறுபத்தொன்பதில் சேர்ந்தவன் எழுபத்தொன்றில் எப்படிச் சண்டைக்குப் போவான், படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அன்றைக்கும் பையில்தான் இருந்தது.

அதை ஏன் காட்டவில்லை என்கிறீர்கள். காட்டியிருக்கலாம்தான். அவசரத்தில் தோன்றவில்லை. இல்லை, கை அதன் மேல் போனது. யூசுப் வந்து கையைப் பிடித்துக்கொண்டான் என்றேனே, அப்போது எடுக்கப் போனேன். அப்புறம் ஹேமலதா அம்மா காபி ஊற்றினார். மேஜர் சார் என்று நீட்டினார். காபி ஆறிவிடும் என்று.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கே கேட்கிறது.

வளைவு வந்துவிட்டதே. அதோ, மேளம். பாருங்கள், அத்தனை பேர். வாழை மரம் கட்டியிருக்கிறார்கள். டாக்டர் கார் நிற்கிறது. அந்த வெள்ளைப் புடவை, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதுதான் பூங்காவனம். வெயிலில் எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. பஸ் நிற்கிறதற்குள் ஜன்னல் ஜன்னலாகத் தேடுகிறாள் பாருங்கள்.

சார், இந்தப் பாஸைப் பிடியுங்கள். பிடியுங்கள், தயவுசெய்து. ஜன்னல் பக்கம் நீங்கள்தானே இருக்கிறீர்கள். அவள் இந்தப் பக்கம்தான் வருவாள். அவள் கையில் கொடுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம். டீச்சராக இருந்தவள், படித்துவிடுவாள். ஒன்றும் விளக்க வேண்டாம், கொடுத்தால் போதும். நான் கொடுக்க மாட்டேன். பாதி நீட்டி, திரும்பப் பையில் வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

டப்பா என்னிடமே இருக்கட்டும். இதோ எழுந்துவிட்டேன். முன்படி வரைக்கும் போக இந்த முட்டிக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் கொடுத்துவிடுங்கள் சார். கீழே காலை வைத்துவிட்டால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன்.